அரண்மனை முற்றமும் கரிசல் பொட்டலும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வானத்தின் கீழே நடக்கிற இசை. கூரை இல்லாத இடத்தில் பாடுகிற பாட்டு, சுவர் இல்லாத இடத்தில் நடிக்கிற நாடகம், இவை இரண்டும் நம் கோவில்பட்டிச் சீமையில் எப்படி வளர்ந்தன, யார் வளர்த்தார்கள், இனி யார் வளர்க்கப்போகிறார்கள் என்பதுதான் பேச்சு. நான்கு சுவருக்குள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து திறந்தவெளியைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடல் தாண்டி ஒரு நடை போய்வருவோம். இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸ் என்று ஒரு மாவட்டம். அங்கே கிளைண்ட்போர்ன் என்ற கிராமத்துப் பண்ணை மாளிகை. அதன் சொந்தக்காரர் ஜான் கிறிஸ்டி. அவர் மனைவி ஆட்ரி மில்ட்மே ஒரு பாடகி. மாளிகையை ஒட்டி முந்நூறு பேர் உட்காரக்கூடிய ஓர் அரங்கத்தைக் கட்டி, 1934 மே 28 அன்று மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' என்ற ஓபராவோடு திறந்தார்கள். ஓபரா என்றால் வேறொன்றுமில்லை, கதை முழுவதையும் பாடியே நடிக்கிற பாட்டு நாடகம். அரங்கத்துக்குக் கூரை உண்டு. ஆனால் அந்த இடத்தின் பெருமை தோட்டத்தில் இருக்கிறது. நாடகத்தின் நடுவே ஒன்றரை மணி நேரம் இடைவேளை விடுவார்கள். மாலை விருந்துக்குரிய உடுப்போடு வந்தவர்கள் புல்வெளியில் விரிப்பைப் போட்டு, கூடையைத் திறந்து, உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வேலிக்கு அப்பால் ஆடு மேயும். இன்றைக்கும் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது.

அதைப் பார்த்து இன்னும் பலர் கிளம்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் கார்சிங்டன் என்ற பழைய மாளிகை. 1989-இல் அதன் தோட்டத்தில், மாளிகைச் சுவரையே பின்திரையாக வைத்து ஓபரா போட ஆரம்பித்தார்கள். நல்ல பெயர் வந்தது. கூடவே வம்பும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பின்னால் அந்த விழா வேறு இடத்துக்குப் போய்விட்டது. இந்த வம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கும் அது வரும்.

சரி, சீமைத்துரைக்குத் தோட்டம் இருந்தது, புல்வெளி இருந்தது, பாட்டு நாடகம் இருந்தது. நமக்கு என்ன இருந்தது?

அன்பர்களே, நமக்கும் மாளிகை இருந்தது. இங்கிருந்து கிழக்கே பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேருகிற எட்டயபுரத்தில் இருந்தது. நமக்கும் பாட்டு நாடகம் இருந்தது. இந்தச் சீமையின் ஒவ்வொரு மந்தையிலும் பொட்டலிலும் இருந்தது. நமக்கும் திறந்தவெளி இருந்தது. கரிசல் காட்டில் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! ஆனால் ஒரு வித்தியாசம். கிளைண்ட்போர்னில் மாளிகையும் நாடகமும் ஒரே வேலிக்குள் இருந்தன. நம் ஊரில் மாளிகை ஒரு பக்கம், நாடகம் ஒரு பக்கம். அந்தப் பிரிவைப் பற்றித்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் மாளிகைக்குப் போவோம்.

எட்டயபுரம் என்றதும் உங்களுக்குப் பாரதி நினைவுக்கு வருவான். வரட்டும். 1882-இல் அங்கே பிறந்த சுப்பையாவுக்குப் பதினோரு வயதில் 'பாரதி' என்ற பட்டம் கிடைத்தது அந்த அரண்மனைச் சபையில்தான். 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்துவைத்த பாரதி மணிமண்டபம் இன்றும் நிற்கிறது. அதற்காக ஓடியாடி உழைத்தவர் கல்கி. ஆனால் பாரதி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எட்டயபுரம் இசைக்குப் பெயர் வாங்கிவிட்டது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டிக் கண்மூடியது அந்த ஊரில்தான். காவிரிப் பாசனத் திருவாரூரில் பிறந்தவர் கரிசல் மண்ணில் அடங்கினார். அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

அவர் ஏன் இந்த ஊருக்கு வந்தார்? தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தார். இந்தத் தம்பியைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன், கேளுங்கள். குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில், கோட்டைக்குள் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு அண்ணன் அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். அவைதான் இன்று குழந்தைகள் பாடுகிற நோட்டு சுரங்கள். அதில் ஒன்று இங்கிலாந்து அரசரை வாழ்த்துகிற பாட்டின் மெட்டேதான். தம்பியோ ஒரு படி மேலே போனார். ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டு, அதை நம் ராகத்துக்கு வளைத்தார். கர்நாடக இசையில் வயலினை முதலில் கையாண்டவர்களில் அவர் ஒருவர். அந்த வயலின்தான் எட்டயபுரம் அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. கிளைண்ட்போர்ன் தோட்டத்தில் ஓபரா ஒலிப்பதற்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால், ஐரோப்பாவின் வயலின் கரிசல் காட்டு அரண்மனையில் தோடியும் கல்யாணியும் பேசிக்கொண்டிருந்தது.

தீட்சிதர் எட்டயபுரத்துக்கு வந்த வழியைப் பற்றிக் கர்ண பரம்பரையாக ஒரு கதை உண்டு. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். வழியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது நிலம். பயிர் கருகி நிற்கிறது. சம்சாரிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தீட்சிதர் நின்றார், அமிர்தவர்ஷிணி ராகத்தில் அம்பாளை நோக்கி ஒரு கீர்த்தனை பாடினார், மழை கொட்டியது என்கிறது கதை. உண்மையா என்று கேட்பீர்கள். நான் வானிலை ஆராய்ச்சி செய்யவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தஞ்சாவூரில் இப்படி ஒரு கதை பிறக்காது. ஆறு ஓடுகிற ஊரில் மழைக்காக ஒருவர் ராகம் பாடினார் என்று யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். வானம் பார்த்த பூமியில்தான் இந்தக் கதை ஒட்டும். அந்தக் கதையில் சபை இல்லை, சமுக்காளம் இல்லை, ஜமீன்தார் இல்லை. ஒரு வித்துவான் நடுக்காட்டில் நின்று பாடுகிறார். நம் சீமையின் முதல் திறந்தவெளிக் கச்சேரி அதுதான் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அரண்மனை செய்த பெரிய காரியம் பின்னால் வருகிறது. பாலுசுவாமியின் பேரனாகவும் சுவீகார மகனாகவும் வளர்ந்தவர் சுப்பராம தீட்சிதர். அவரும் சமஸ்தான வித்துவான். முதிய வயதில், குடும்பச் சொத்தாகக் காத்துவந்த கீர்த்தனைகளை எல்லாம் சுரப்படுத்தி எழுதினார். 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்று பெயர். எட்டயபுரத்தில் இருந்த வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில், தெலுங்கு எழுத்தில், அரண்மனைச் செலவில், 1904-ஆம் ஆண்டு அச்சாகி வெளிவந்தது. தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் அதில் இருக்கின்றன. ஒரு சுரத்தை எப்படி அசைக்க வேண்டும், எங்கே வழுக்க வேண்டும் என்பதற்குக்கூடத் தனித்தனிக் குறி போட்டிருக்கிறார். இன்று தீட்சிதர் கீர்த்தனையின் பழைய பாடம் எது என்று சென்னையில் சண்டை வந்தால், இரண்டு தரப்பும் எடுத்துக்கொண்டு வருவது எட்டயபுரத்தில் அச்சடித்த இந்தப் புத்தகத்தைத்தான்.

ஆக, அரண்மனை இசையை வளர்த்தது. வித்துவானுக்குச் சோறு போட்டது. புத்தகம் போட்டது. எல்லாம் சரி. ஆனால் அந்த இசையை ஊர் கேட்டதா? பருத்திக் காட்டில் குனிந்து நின்ற பெண் கேட்டாளா? கமலை இறைத்தவன் கேட்டானா? அவர்களுக்கு யார் பாடினார்கள்?

வாருங்கள், அரண்மனை வாசலைத் தாண்டி வெளியே வருவோம்.

கரிசலுக்கு ஒரு கணக்கு உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, சோளம், மல்லி, பருத்தி. தை, மாசியில் அறுப்பு. பங்குனி பிறந்தால் காடு காலி. கையில் நாலு காசு இருக்கும், மழை வராது, இரவில் வெட்டவெளியில் காற்று வீசும். இந்த இடைவெளியில்தான் நம் கோயில் கொடைகள் வருகின்றன, பொங்கல்கள் வருகின்றன. கழுகுமலையில் பங்குனி உத்திரம், செண்பகவல்லி அம்மன் கோயிலில் பங்குனித் திருவிழா. சீமைத்துரை தன் கோடையைப் பார்த்து விழா வைத்தான். நம் ஆட்கள் தங்கள் அறுவடையைப் பார்த்து விழா வைத்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சின்ன வயதில் நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள், பகலில் பக்கத்துத் தெருவில் அடிக்கிற கொட்டு காதில் விழாது, ராத்திரியில் மூன்று மைலுக்கு அப்பால் வாசிக்கிற நாதஸ்வரம் படுக்கையில் கேட்கும். ஊர் அடங்கிவிட்டது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது. மேகம் இல்லாத வறண்ட இரவில் நிலத்தின் சூடு விறுவிறுவென்று வானத்துக்குப் போய்விடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும், மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேலே கிளம்புகிற ஓசை கீழ்நோக்கி வளைந்து மறுபடியும் தரைக்கு வரும். அதனால் வெகுதூரம் போகும். மரமும் கட்டடமும் இல்லாத பொட்டலில் தடுக்க ஆள் இல்லை. கச்சேரி செய்யக் கடவுள் கட்டிக்கொடுத்த சபா இந்தக் கரிசல் காடு என்றால் அது வெறும் பெருமைப் பேச்சு ஆகாது.

இந்தச் சபாவுக்கென்றே பிறந்த வாத்தியம் நாதஸ்வரம். இந்தச் சபாவுக்கென்றே வாய்த்த கலைஞர் காருகுறிச்சி அருணாசலம். 1921-இல் அம்பாசமுத்திரம் பக்கம் காருகுறிச்சியில் பிறந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்றார். பிறகு நம் கோவில்பட்டிக்கே குடிவந்தார். 1964-இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகி அம்மாவின் குரலோடு போட்டி போட்ட நாதஸ்வரம் அவருடையது. அவருடைய சிலை நம் ஊரில் நிற்கிறது. தினமும் அதைக் கடந்து போகிறோம்.

நாதஸ்வரக்காரர் வாசிக்கத் தொடங்குவதற்கு முன் என்ன செய்கிறார் என்று கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வாத்தியத்தின் மேல்முனையில் ஒரு சரடு. அதில் நாலைந்து சீவாளிகள் தொங்கும். நாணல் தட்டையில் செய்தவை. ஒன்றை எடுத்து நாக்கில் நனைப்பார். உதட்டில் வைத்து ஊதிப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் அதன் வாயை ஊசியால் கொஞ்சம் விரிப்பார், விரலால் கொஞ்சம் அமுக்குவார். மறுபடியும் நனைப்பார். பங்குனி மாதத்துக் காற்று சீவாளியைச் சீக்கிரம் உலர்த்திவிடும். ஆகவே தவில்காரர் தனி வாசிக்கும்போதெல்லாம் இவர் சும்மா இருக்க மாட்டார், சீவாளியை வாய்க்குள் போட்டு வைத்திருப்பார். இப்படி ஈரத்தைக் காப்பாற்றிக் காப்பாற்றித்தான் விடியும்வரை தோடி வாசிக்க வேண்டும். குளிர்சாதன அரங்கில் வாசிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

வீதியில் நின்று வாசித்த காருகுறிச்சியை யார் கேட்டார்கள்? எல்லாரும் கேட்டார்கள். சீட்டு இல்லை, முன்வரிசை இல்லை. இடைசெவலில் பிறந்து சங்கீதம் கற்க ஆசைப்பட்ட கி. ராஜநாராயணன் கேட்டார். அதே இடைசெவல்காரர் கு. அழகிரிசாமி கேட்டார். விளாத்திகுளம் சாமிகள் என்று ஒருவர் இருந்தார். மணிக்கணக்கில் ராகம் மட்டுமே பாடுகிற மகா வித்துவான். கி.ரா. இசை கேட்டுப் பழகியது அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான். நம் சீமையில் எழுத்தாளனும் இசைக்காரனும் ஒரே பொட்டலில், ஒரே மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கரிசல் இலக்கியத்தின் நடையில் ஒரு பேச்சு ஓசை இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று ஆராய்கிறவர்கள் இந்தப் பொட்டலையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது பாட்டு நாடகத்துக்கு வருகிறேன். இதுதான் நம் ஓபரா. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

தூத்துக்குடி வட்டாரத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம் என்று வரிசையாக நாடகங்களை எழுதிக் குவித்தார். 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே ஒரு நாடக சபையை உண்டாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அவர் கையில் வளர்ந்தவர்கள். 1922-இல் புதுச்சேரியில் காலமானார். அவர் மறைந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் இன்றைக்கும் பங்குனியில் ஏதோ ஒரு ஊரில் அவருடைய வள்ளி தினைப்புனம் காத்துக்கொண்டிருக்கிறாள்.

எப்படி நடக்கிறது தெரியுமா அந்த நாடகம்? ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்து வருவார். பபூன் மூன்றாவது ஊர். ஆர்மோனியக்காரர் நான்காவது ஊர். ஒத்திகை கிடையாது. சில சமயம் மேடைக்குப் பின்னால் படுதா மறைவில்தான் ஒருவரை ஒருவர் முதல்முறையாகப் பார்த்துக்கொள்வார்கள். இருந்தும் நாடகம் பிசகாது. ஏன்? பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம். சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் விருத்தமும் தூண். நடுவில் வருகிற பேச்சு அன்றன்றைக்கு அவரவர் சாமர்த்தியம்.

இரவு பத்து மணிக்குப் பபூன் வந்து ஊரைச் சிரிக்கவைப்பார். ஆர்மோனியம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேள்வி கேட்டு மடக்கும். மிருதங்கம், பக்கத்தில் பல கொட்டுகளை மாற்றி மாற்றி வாசிக்கிற ஆல்ரவுண்டு, கையில் தாளம். நடுநிசிக்கு மேல் நாரதர் வருவார். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் ஆரம்பிக்கும். அங்கேதான் உயிர். நாரதர் ஒரு கேள்வி போடுவார், பாட்டில். வள்ளி பதில் சொல்வாள், பாட்டில். சாத்திரம் வரும், உலக நடப்பு வரும், ஆண் பெரிதா பெண் பெரிதா என்று வரும். தூங்கிக்கொண்டிருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்து, 'விடாதே தாயி' என்பார். ஐரோப்பிய ஓபராவில் பாடகிக்குக் கூட்டத்திலிருந்து யோசனை சொல்ல முடியுமா? இங்கே முடியும்.

ஒலிபெருக்கி வராத காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் பொட்டலில் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும். அதனால் நாடகக்காரர்கள் உச்சக் கட்டையில் பாடினார்கள். நாடக நடிகர் செங்கோட்டைக் கிட்டப்பா 1933-இல் மறைந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் குரலின் உயரத்தைப் பற்றி இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த உயரம் திறந்தவெளி அவரிடம் கேட்டு வாங்கிய உயரம்.

இடைவேளை? அதுவும் உண்டு. தனியாக விடுவதில்லை, அவ்வளவுதான். யாருக்குப் பசிக்கிறதோ அவர் எழுந்து போவார். சாத்தூர் சேவு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், சுக்குக் காப்பி. 2020-இல் நம் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஒரு கையில் கடலைமிட்டாய், மடியில் தூங்குகிற பிள்ளை, கண் மேடையில். இதைவிடப் பெரிய தோட்ட விருந்து எந்தச் சீமையில் நடந்தது?

சரி, இதற்கெல்லாம் பணம் யார் கொடுத்தது? கிளைண்ட்போர்னில் கிறிஸ்டி கொடுத்தார். எட்டயபுரத்தில் ஜமீன் கொடுத்தது. பொட்டலில் யார் கொடுத்தது? தலைக்கட்டு வரி கொடுத்தது! வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி, நோட்டுப் போட்டு, மழை பொய்த்த வருஷத்திலும் கடனை வாங்கியாவது கட்டினார்கள். கரிசல்காரனின் பட்ஜெட்டில் நாடகத்துக்கு ஒரு பங்கு இருந்தது. அரண்மனைக்கு ஈடான புரவலர் ஒரு பஞ்சக் காட்டு ஊர். இதை எந்தச் சங்கீத வரலாறாவது எழுதியிருக்கிறதா?

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். திறந்தவெளி என்றவுடன் எல்லாருக்கும் திறந்த வெளி என்று நினைத்துவிடாதீர்கள். கழுகுமலைத் தேர்வீதியில் யார் ஊர்வலம் போகலாம், யார் போகக் கூடாது என்ற வழக்கு 1895-இல் கலவரமாக வெடித்துப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தக் கோயில் எட்டயபுரம் ஜமீன் பொறுப்பில் இருந்தது. பூமணி அண்ணாச்சி 'அஞ்ஞாடி' நாவலில் அந்த நெருப்பை எழுதியிருக்கிறார். வானத்துக்குக் கூரை இல்லை, ஆனால் வீதிக்குச் சாதி இருந்தது. நாடகம் பார்க்க உட்காருகிற இடத்திலும் கோடு இருந்தது. வள்ளியாக நின்று ராத்திரி முழுவதும் ஊரைக் கட்டிப்போட்ட பெண்ணுக்கு விடிந்ததும் தண்ணீர் கொடுக்கத் தயங்கிய வீடுகளும் இருந்தன. பழையதைப் புகழ்கிறவன் இதை மறைத்துவிட்டுப் புகழக் கூடாது.

அதே கழுகுமலைக்கு இன்னொரு நினைவும் உண்டு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் முப்பது வயதுக்கு முன்பே இறந்துபோன மனிதர். கழுகுமலை முருகன் மேல் அவர் பாடிய காவடிச் சிந்து, காவடி தூக்கி நடக்கிறவனின் காலடிக்கு அளவெடுத்த இசை. சபையில் உட்கார்ந்து கேட்டாலும் கால் தானாக ஆடும். ஜமீன் கோடங்கிபட்டியின் தேவராட்டம், சாத்தூர் பிச்சைக்குட்டியின் வில்லிசை, இவற்றைப் பற்றித் தனித்தனியே பேச வேண்டும். பிச்சைக்குட்டியைப் பற்றிச் சோ. தர்மன் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். வாங்கிப் படியுங்கள்.

இப்போது என்ன நிலைமை? 1948-இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அரண்மனையின் கை சுருங்கியது. அதில் எனக்கு வருத்தமில்லை, குடியானவனுக்கு நிலம் வந்தது. ஆனால் வித்துவானுக்குச் சோறு போட்ட இடம் போனது. பொட்டலுக்கு மைக் செட் வந்தது. முதலில் குரலுக்குத் துணையாக வந்தது, பிறகு குரலையே விழுங்கியது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று விதி வந்தது. கார்சிங்டன் வம்பு நமக்கும் வரும் என்று சொன்னேனே, இதுதான். இன்று ஒரு கிராமம் நாடகம் போட வேண்டுமானால் காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டும், அங்கே கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு நடக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் தூக்கமும் எனக்கு முக்கியம்தான். விதியை நான் குறை சொல்லவில்லை. பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கியை அடுக்கி அந்த விதியை வரவழைத்தவர்கள் நாம்.

அன்பர்களே, அரண்மனை இசை புத்தகத்தில் ஏறிவிட்டது. அதனால் பிழைத்தது. பொட்டல் இசை மனிதர்களின் தொண்டையில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு ராஜபார்ட்டும் ஓய்வுபெறும்போது அதில் ஒரு பகுதி போய்க்கொண்டிருக்கிறது. எட்டயபுரத்துக்கு இரண்டு பக்கமும் தெரியும். அங்கே தீட்சிதரும் அடங்கியிருக்கிறார், அங்கேயும் வள்ளி திருமணம் நடந்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே வெளியில், ஒரே இரவில் உட்காரவைத்தால் என்ன?

தியாகராஜருக்குத் திருவையாறு இருக்கிறது. காவிரிக்கரையில் பந்தல் போட்டு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிப் பாடுகிறார்கள். அங்கே சமாதிக்குக் கோயில் எழுப்பியது எந்த அரசனும் அல்ல, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற ஒரு பெண், தன் சொந்தச் சொத்தைப் போட்டு எழுப்பினார். பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றவர்களோடு போராடிப் பாடியவரும் அவர்தான். ஒரு பெண்ணால் முடிந்தது, இத்தனை பேரால் முடியாதா?

என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். தீட்சிதர் நினைவு நாள் தீபாவளியை ஒட்டி வருகிறது. ஐப்பசியில் திறந்தவெளியில் பந்தல் போட்டால் அமிர்தவர்ஷிணி பாடாமலே மழை வரும். ஆகவே அன்றைக்கு உள்ளே உட்கார்ந்து அஞ்சலி செய்வோம். வெளி விழாவைப் பங்குனியில் வைப்போம், எட்டயபுரத்தில் வைப்போம். மாலை ஐந்தரைக்கு மேல் ஒரு மணி நேரம் நாதஸ்வரம், ஒலிபெருக்கி இல்லாமல். பிறகு அரைமணி தீட்சிதர் கீர்த்தனை, வயலினோடு. அதன்பின் வள்ளி திருமணம். விடிய விடிய நடத்த வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் இல்லை. நாரதர் தர்க்கத்தை மட்டும் குறைக்காமல், மற்றதைச் சுருக்கிப் பத்து மணிக்குள் முடிக்கலாம். பெரிய நாடகக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும், நாடகம் நடந்தால் போதும்.

தலைக்கட்டு வரிதான் பணம். பெரிய முதலாளி ஒருவரைத் தேடிப் போக வேண்டாம், அவர் பெயரைப் பெரிதாகப் போட்டு நாடகத்தின் பெயரைச் சிறிதாகப் போடுவார்கள். இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டாலே முன்பணம் சேர்ந்துவிடும். வருகிற நடிகைகளுக்குப் பூட்டுப் போடக்கூடிய ஓர் அறை, நல்ல கழிப்பறை, திரும்பிப் போக வண்டி, பேசிய சம்பளம் மேடை ஏறும் முன்பே கையில், இந்த நான்கையும் எழுதி வைத்துவிட்டு அதற்குப் பிறகுதான் வெற்றிலை பாக்கு வைக்க வேண்டும். யாரும் எங்கேயும் உட்காரலாம் என்று நோட்டீசில் முதல் வரியாக அச்சடிக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் அன்றைய பாட்டு முழுவதையும் பதிவு செய்து, ஆர்மோனியக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ராகத்தையும் மெட்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். 1904-இல் ஒரு முதியவர் தனியாக உட்கார்ந்து செய்த வேலை அது. உங்களிடம் செல்பேசி இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு இருக்கும். பெயரையும், என்ன செய்ய முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். பங்குனிக்குப் பாயோடு வாருங்கள்.